ப்ரீ-மெட் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு: அயலக அணிக் கூட்டத்தில் மருத்துவத் தோழர் ஆற்றிய உரை

(அமெரிக்காவில் வாழும் நம் தோழர்களின் குடும்பங்களுக்காக அயலக அணி நடத்திய இணையவழிக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். பிள்ளைகள் வைத்திருக்கும் தோழர்கள் முழுதும் படியுங்கள், பகிருங்கள்.)

தோழர்களே, தாய்மார்களே, அப்பா அம்மா கூப்பிட்டாங்களேன்னு வந்து கேமராவை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அணிப் பொறுப்பாளர் எனக்குப் போன் பண்ணி, "டாக்டர், வழக்கமா சமூகநீதி பேசுவோம். இந்த முறை காலேஜ் அட்மிஷன் பத்திப் பேசுங்க. மார்ச் கடைசியில லெட்டர் எல்லாம் வந்துடும், மே 1-க்குள்ள எங்க சேர்றோம்னு சொல்லணும், எல்லா வீட்லயும் ஒரே சண்டை"ன்னு சொன்னார். தலைப்பு மாறலையே தோழர், அதுவும் சமூகநீதி தானேன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். நான் சிரிக்கறதுக்காகச் சொல்லல. ஏன்னு போகப் போகப் புரியும்.

ஊரிலிருந்து சில தோழர்களும் இணைந்திருக்கிறார்கள். அவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. முதலில் நாலு வருஷம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. அதன் பிறகுதான் நாலு வருஷ மருத்துவக் கல்லூரி. அதற்கும் மேல் மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை ரெசிடென்சி. அந்த முதல் நாலு வருஷத்தில் "டாக்டருக்குப் போகணும்" என்ற குறியோடு படிப்பவர்களைத்தான் ப்ரீ-மெட் என்கிறார்கள். அது தனிப் பட்டம் இல்லை. வரலாறு படிக்கிற பிள்ளையும் ப்ரீ-மெட்டாக இருக்கலாம். உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் இவற்றை லேப்போடு முடித்திருக்க வேண்டும், பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் கேட்பார்கள். எம்கேட் என்ற தேர்வு எழுத வேண்டும். 472-ல் தொடங்கி 528-ல் முடிகிற விசித்திரமான மார்க் அது. இதில் ஒவ்வோர் ஆண்டும் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது சுமார் 23,000 பேருக்கு.

ஊர்த் தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "அமெரிக்காவுல ப்ரீ-மெட் சேர்த்துவிடறோம், அப்படியே டாக்டர் ஆகிடலாம்"னு யாராவது ஏஜென்ட் வந்து சொன்னா, செக்கை எடுக்காதீங்க. இங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன்.

என் மகளுக்கு இரண்டு இடத்தில் அட்மிஷன் வந்தது. ஒன்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம், நல்ல உதவித்தொகையோடு. இன்னொன்று, பேரைச் சொன்னால் நம் ஊர் டீக்கடையிலும் தெரிந்துகொள்வார்கள், அப்படிப்பட்ட இடம். பேர் வேண்டாம். அங்கே பாடம் கடினம், மார்க் சுலபத்தில் போடமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாகப் பட்டது. "கஷ்டமான இடத்துல படிச்சாத்தாம்மா மதிப்பு"ன்னு சொன்னேன். அவ என் மூஞ்சியைப் பார்த்தா, சரின்னுட்டா. மதுரையில் என் தங்கைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பெருமையடிச்சேன்.

இரண்டாம் வருஷம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. முதல் மிட்டேர்மில் 100-க்கு 38. எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. தினமும் போன்ல "சாப்டியாம்மா"ன்னு கேட்பேன், "சாப்டேன்ப்பா"ம்பா. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தப்போ, தட்டுல போட்ட இட்லியைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தா. அப்புறம், "அப்பா, நான் டாக்டர் ஆகலைன்னா நீ என்ன நினைப்ப?"ன்னு கேட்டா. நான் இருபத்தஞ்சு வருஷமா நோயாளிங்க முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கறவன். என் வீட்ல இருந்தது எனக்குத் தெரியல.

அவளும் ஹாஸ்டல் அறைத்தோழியும் ஒரே வகுப்பு. அந்தப் பொண்ணோட அம்மா ஹோட்டல் அறைகளைச் சுத்தம் பண்றவங்க. குடும்பத்துலயே கல்லூரிக்கு வந்த முதல் ஆள். என் மகளே சொல்வா, "அவ என்னைவிட புத்திசாலிப்பா, நான் ரெண்டு தடவை படிக்கறதை அவ ஒரு தடவையில பிடிப்பா"ன்னு. அந்தப் பொண்ணு இரண்டாவது மிட்டேர்ம் முடிஞ்சதும் ப்ரீ-மெட்டை விட்டுட்டா. என்னம்மா ஆச்சுன்னு அந்தப் பெரிய இடத்துல ஒருத்தரும் கேட்கல. ஒரு கிளிக், பாடம் ட்ராப். என் மகளுக்கு ஒரு டாக்டர் அப்பா இருந்தான், லேட்டாவாவது விழிச்சுக்கிட்டான். அவளுக்கு?

இங்கே இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்: வீட்-அவுட் கோர்ஸ். களையெடுப்புப் பாடம். நம்ம ஊர்ல களை எடுக்கறது பயிர் நல்லா வளரணும்னு. இங்க எது களை, எது பயிர்னு முதல் பரீட்சையிலேயே முடிவு பண்ணிடறாங்க. முன்னூறு, நானூறு பேர் உட்காரும் வகுப்பு. மார்க்கை "கர்வ்" பண்ணுவார்கள். அதாவது நீ எவ்வளவு வாங்கினாய் என்பதைவிடப் பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு வாங்கினான் என்பதுதான் உன் கிரேடு. அப்புறம் எவன் நோட்ஸ் கொடுப்பான்?

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் எங்கே நகருகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும், பார்க்காத வினைக்கும் யோசித்துப் போட வேண்டும். பள்ளியில் எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கிய பிள்ளை முதல்முறை சறுக்குவது அங்கேதான்.

2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். மெய்ட்லண்ட் ஜோன்ஸ் என்று ஒரு பேராசிரியர், ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குப் பாடப்புத்தகமே எழுதியவர், வயது 84. வகுப்பில் 350 மாணவர்கள், அதில் 82 பேர் பாடம் மிகவும் கடினம், மார்க் மோசம் என்று மனு கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு பக்கம், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள்." இன்னொரு பக்கம், "வாத்தியாருக்கு இரக்கமே இல்லை." எனக்கு இரண்டு பக்கமும் ஒப்பவில்லை. பாடத்தைச் சுலபமாக்கு என்று கேட்பதும் தப்பு. நாளைக்கு உங்க அம்மாவுக்கு மருந்து எழுதப்போறவன் அவன், வேதியியல் தெரியாம வரக்கூடாது. ஆனா கடினமான பாடம் வேற, கைவிட்ட பாடம் வேற.

இந்த வேறுபாட்டை ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணியே காட்டியிருக்கிறார். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவர். அங்கே கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் தோற்றார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆசிரியர்களிடம் காரணம் கேட்டால், உழைப்பு போதாது, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று அடுக்கினார்கள். இந்தப் பேச்சை நாமும் எங்கேயோ கேட்டிருக்கிறோமே தோழர்களே! ட்ரீஸ்மன் அதை அப்படியே நம்பவில்லை. இந்தப் பக்கம் 20 பேர், அந்தப் பக்கம் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்த்தார்.

பார்த்தால், கறுப்பின மாணவர்களிடம் உழைப்புக்கும் குறைவில்லை, வீட்டு ஆதரவுக்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். யாரிடமும் உதவி கேட்காமல் தன் காலில் நின்று வந்தவர்கள் அவர்கள், அந்தப் பழக்கம்தான் அவர்களை அங்கே கொண்டுவந்தது. அந்தப் பக்கமோ, தனியாகப் படித்துவிட்டுச் சாயங்காலம் ஒன்று கூடினார்கள். விடையை ஒப்பிட்டார்கள், ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரு கணக்கு வரவில்லை என்றால், கணக்குதான் கஷ்டம், நான் முட்டாள் இல்லை என்று தெரிந்துபோகும். தனியாக இருப்பவனுக்கு அது தெரியாது. அவன் தன்னைத்தான் சந்தேகப்படுவான்.

ட்ரீஸ்மன் என்ன செய்தார் தெரியுமா? இந்த மாணவர்களுக்குச் சுலபமான ட்யூஷன் வைக்கவில்லை. அதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடச் சொன்னார். அந்தப் பயிலரங்கில் சேர்ந்தவர்களில் தோற்பவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். அதே பல்கலைக்கழகம், அதே பாடம், அதே பிள்ளைகள்.

இதைப் படிச்சப்போ எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து சௌராசியா அனாடமி புத்தகத்தைத் திறந்தா, ஒரு பத்திக்கு பத்து வார்த்தை புரியல. முதல் இன்டர்னல் 100-க்கு 23. ராத்திரி பெட்டியைக் கட்டிட்டேன். பக்கத்து அறை சீனியர் அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்தார். ஒண்ணும் அறிவுரை சொல்லல. தொடை எலும்பை என் கையில கொடுத்து, "கண்ணை மூடிட்டு தடவிப் பாருடா, இது வலதா இடதா சொல்லு"ன்னார். அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆறு பேர் அந்த அறையில தரையில உட்கார்ந்திருந்தோம். அந்த ஆறு பேரும் இன்னிக்கு டாக்டர். கல்லூரிக் கையேட்டில் இதெல்லாம் இருக்காது. நான் இதை அனுபவிச்சவன், ஆனா மகளுக்கு இடம் தேடும்போது மறந்துட்டு ரேங்க் பட்டியலைப் பார்த்துட்டு இருந்தேன்.

ரேங்க் பட்டியலில் முதல் பக்கத்தில் வராத ஓர் இடத்தைச் சொல்கிறேன். லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் நகரம், சேவியர் பல்கலைக்கழகம். கறுப்பின மக்களுக்காக உருவான கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். மொத்த மாணவர்கள் மூவாயிரம் பேரை ஒட்டித்தான். ஆனால் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கறுப்பினப் பட்டதாரிகளை அதிகம் அனுப்புகிற இடம் எது என்று பார்த்தால், நாட்டின் மிகப் பெரிய, மிகப் பணக்காரப் பல்கலைக்கழகங்களைத் தாண்டிப் பல ஆண்டுகள் இதுதான் முன்னால் நின்றது.

இதன் கனம் புரிய வேண்டுமானால் 1910-க்குப் போக வேண்டும். ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை என்று ஒன்று வந்தது. அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது என்று புகழ்வார்கள், உயர்த்தியதும் உண்மைதான். ஆனால் அன்று இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து அதன் பிறகு மூடப்பட்டன. மிஞ்சியவை வாஷிங்டனில் ஹோவர்டு, நாஷ்வில்லில் மெஹாரி. தரம் என்ற பேரில் கதவு சாத்தப்பட்டது. இன்றும் அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம், மருத்துவர்களில் 6 சதவீதம்கூட இல்லை. "தரம்" என்ற சொல்லை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என நம் மேடைகளில் சொல்வோமே, அது இங்கேயும் பொருந்தும்.

சேவியரை 1968 முதல் 2015 வரை, 47 ஆண்டுகள், நார்மன் பிரான்சிஸ் என்பவர் தலைவராக இருந்து நடத்தினார். முடிதிருத்துபவரின் மகன். அந்தக் காலத்தில் அங்கே வேதியியல் பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். வரும் பிள்ளைகள் பலர் வசதியில்லாத பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். பாடத்தைக் குறைக்கவா? குறைக்கவில்லை. அறிமுகப் பாடத்தைப் படிப்படியாகப் பிரித்துத் தாங்களே பயிற்சிப் புத்தகம் எழுதினார்கள். எந்த ஆசிரியர் எடுத்தாலும் ஒரே பாடம், ஒரே அளவுகோல். வாராவாரம் பயிற்சி, சீனியர் மாணவர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, கல்லூரி தொடங்கும் முன்பே கோடையில் வகுப்பு. ஒரு பிள்ளை ஒரு சின்னத் தேர்வில் சறுக்கினால் அந்த வாரமே கவனிப்பார்கள், செமஸ்டர் முடிவு வரை காத்திருக்க மாட்டார்கள். 2005-ல் கத்ரீனா புயலில் அந்த வளாகமே தண்ணீரில் நின்றது. 2006 ஜனவரியில் மறுபடி வகுப்பு தொடங்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தை என்ன ரேங்க் போட்டு அளப்பீர்கள்?

எல்லோரும் சேவியருக்குப் போங்கன்னு சொல்ல வரல. பெரிய பேர் உள்ள இடத்துக்குப் போகவே வேண்டாம்னும் சொல்லல. அங்கே கிடைக்கும் ஆராய்ச்சி வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது, அது உண்மை. ஆனா கொஞ்சம் கணக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுபவர்களின் சராசரி ஜிபிஏ 4-க்கு 3.7-க்கும் மேலே. எம்கேட் 511-ஐ ஒட்டி. விண்ணப்பத்தில் உங்கள் கிரேடு அப்படியே போகிறது. "இது கஷ்டமான காலேஜ், அதனால 0.3 சேர்த்துக்கோங்க"ன்னு எந்தக் கட்டமும் அதில் இல்லை. படிக்கும் குழுவினர் மனதில் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளாமலும் போகலாம். பிரின்ஸ்டன் 2004-ல் ஒரு விதி கொண்டுவந்தது: ஒவ்வொரு துறையிலும் 'ஏ' வகை கிரேடு 35 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பத்து வருஷம் மாணவர்கள் புலம்பினார்கள், 2014-ல் அவர்களே அதைக் கைவிட்டார்கள். மாறாக எம்.ஐ.டி.-யைப் பாருங்கள், கடினத்தில் யாருக்கும் சளைத்ததல்ல. ஆனால் முதல் செமஸ்டரில் பாஸ் ஆனால் பாஸ் என்று மட்டும் பதிவு, ஃபெயில் ஆனால் வெளியே காட்டும் மதிப்பெண் பட்டியலில் அது வரவே வராது. பிள்ளை மூச்சுவிட ஒரு செமஸ்டர் கொடுக்கிறார்கள்.

அடுத்து, கல்லூரிகள் காட்டும் ஒரு எண். "எங்க ப்ரீ-மெட் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்"னு சொல்வாங்க. கேட்டதும் அப்பா அம்மா கண்ணு விரியும். எதில் 90 சதவீதம்? முதல் வருஷம் டாக்டர் கனவோடு வந்தவர்களிலா, கடைசியில் விண்ணப்பித்தவர்களிலா? நடுவில் விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. சில கல்லூரிகளில் கமிட்டி லெட்டர் என்று ஒன்று உண்டு, விண்ணப்பத்தோடு கல்லூரி சார்பில் போகும் பரிந்துரைக் கடிதம். ஜிபிஏ குறைந்தவர்களுக்கு அதைத் தராமல் விடும் இடங்களும் உண்டு. தேற மாட்டான் என்று தோன்றுபவனை வாசலிலேயே நிறுத்திவிட்டால் சதவீதம் தானாக ஏறிவிடும். நம்ம ஊர்ல ரிசல்ட்டுக்காக சுமாரா படிக்கற பையனை ஒன்பதாம் வகுப்புலேயே டிசி கொடுத்து அனுப்பற பள்ளிக்கூடம் தெரியும்ல? அதே வித்தைதான், கோட்டு சூட்டு போட்டிருக்கு.

அதனால கேம்பஸ் பார்க்கப் போகும்போது, ஜிம்மையும் நீச்சல் குளத்தையும் பார்த்தது போதும். நேரா கேளுங்க. முதல் வருஷம் ப்ரீ-மெட்னு வந்த 100 பேரில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பிக்கிறார்கள்? கமிட்டி லெட்டர் யாருக்கு மறுக்கப்படும்? கெமிஸ்ட்ரி வகுப்பு எத்தனை பேர், கர்வ் உண்டா? பதில் சொல்பவர் நெளிந்தால், அதுவே பதில். அப்புறம் கைடு பக்கத்தில் இல்லாதபோது, லைப்ரரி வாசலில் நிற்கும் ஒரு இரண்டாம் வருஷப் பிள்ளையிடம் போய், "உனக்கு முதல் மிட்டேர்ம் எப்படிப் போச்சு, அப்புறம் யார்கிட்ட போன?"ன்னு கேளுங்க. அப்பா அம்மா கேட்க வேண்டாம், பிள்ளையை அனுப்புங்க.

காசையும் பார்க்க வேண்டும். பேர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் தங்கும் செலவெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். மருத்துவக் கல்லூரிக் கடனே சுமார் 2 லட்சம் டாலர் வரும். மாநில மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் அந்த மாநிலப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை தருகின்றன. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் மகள் என்ன ஆனாள்னு கேட்பீங்க. அந்த டிசம்பர்ல மூணு பேரைச் சேர்த்துக்கிட்டு லைப்ரரியில ஒரு மேசையைப் பிடிச்சா. அந்தப் பாடத்தில் 'பி மைனஸ்'தான் வந்தது. பட்டம் முடிச்சு ரெண்டு வருஷம் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தா, இரண்டாம் தடவை விண்ணப்பிச்சு இடம் கிடைச்சது. இங்கே மருத்துவக் கல்லூரியில் சேரும்போது சராசரி வயசே 24-ஐ ஒட்டித்தான், அதனால ரெண்டு வருஷம் போச்சேன்னு யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். நான் வெச்சேன், அவ சிரிச்சா.

அந்த அறைத்தோழி ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்லாத்தான் இருக்கா, தப்பா சொல்லல. ஸ்பானிஷ் பேசற நோயாளிங்க என்கிட்ட வரும்போது, மொழிபெயர்ப்பாளருக்காக நாங்க காத்துட்டு இருப்போம் பாருங்க, அந்த நேரத்துல எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வருது. அவங்க வீட்ல ஸ்பானிஷ்தான் பேசுவாங்க.

சரி, நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். கேள்விகளுக்கு வரலாம். பொறுப்பாளர் தோழர், மைக்கை முதல்ல பிள்ளைங்களுக்குக் கொடுங்க. பெத்தவங்க கொஞ்சம் பொறுங்க, உங்க கேள்வி என்னன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும்.